தவிட்டுக்கு வாங்கிய பெர்பெத்துவா

— எக்கா, மிக்கேலக்கா! அந்தப் பிள்ளை திரும்பவும் வந்து நிக்கா பாரு. உன் மங்குஸ்தானைத் தடவித் தடவிப் பாக்கா, வாங்க மாட்டேங்கா.

— நிக்கட்டும் ஜாஹிரா. நீ உன் சீயக்காய் நனையாமப் பாத்துக்கோ. சாரல் வலுத்துட்டு.

— மூஞ்சியே தெரியல்ல, முந்தானைய அப்படி இழுத்துப் போட்டிருக்கா. மாசமா வேற இருக்கா போலுக்கு. ஏ தாயி, யாரைத் தேடுதீங்க?

— யாரையும் இல்ல. பழம் வாங்கத்தான். எங்க வீட்டு ஆளுக மெயினருவியில குளிக்காவ. என்னைய இந்த நிலையில குளிக்க வேண்டாம்னுட்டாவ. அதான் சும்மா இந்தப் பக்கமா வந்தேன்.

— எந்த ஊரு?

— கட்டிக்குடுத்தது சுரண்டை. ஜவுளிக்கடை.

— பேரு என்ன தாயி?

— குழல்வாய்மொழி.

— அட! இந்தக் குத்தாலத்து அம்மன் பேருல்லா! கேட்டியாக்கா?

— கேட்டேன், கேட்டேன். நல்லாவே கேட்டுது. பழம் வேணும்னா தொடாமச் சொல்லுங்க தாயி. அமுக்கினா மங்குஸ்தான் உள்ள கன்னிப்போயிரும்.

— பழக்காரம்மா, என்னைய அடையாளம் தெரியலயா?

— சீசனுக்கு ஊருப்பட்ட சனம் வருது. யாரைன்னு தெரியும்? நான் யாரோ பழக்காரி. நீங்க வேற கடைன்னு நினைச்சு வந்துட்டீங்க போல.

— அந்த வார்த்தைய அப்படியே வச்சிருக்கீங்களா?

— எந்த வார்த்தைய?

— என்னையக் கொல்லாதீங்க. தெரியாத மாதிரிக் கேட்டுக் கொல்லாதீங்க.

— எக்கா, என்ன இது? பிள்ளைக்குக் கண்ணு கலங்கிட்டே! உனக்குத் தெரிஞ்சவளா?

— கண்ணு கலங்கலட்டி, சாரலா இருக்கும். தெரிஞ்சவளா இல்லையான்னு அவளே சொல்லட்டும். இன்னைக்காவது அவ வாயால சொல்லட்டும், நான் யாருன்னு.

— நான் தென்காசி. கீழரத வீதி நாறும்பூநாத பிள்ளை மக. இவுக என்னைய... நான் சின்னப்பிள்ளையா இருக்கயில இவுக...

— பாரு, பாதியிலயே நின்னுட்டா. சவத்த விடு, நானே சொல்லிருதேன். இவளுக்கு முன்னால பிறந்தது ஒண்ணுகூட இவ ஆத்தா சண்முகசுந்தரிக்குத் தங்கல. தீட்டுக் கழியுமுன்ன போயிரும். எமன் உன் வீட்டு வாசலைக் கண்டுக்கிட்டான், அடுத்ததை வேற கைக்கு வித்துருன்னு ஊருல சொன்னாவ. நான் அப்ப தலைச்சுமையா அந்தத் தெருவுக்குப் பழம் கொண்டு போவேன். என்னையப் புறவாசல்ல நிப்பாட்டி, பச்சப்பிள்ளைய அரிசி புடைக்கிற சுளவுல கிடத்தி நீட்டுனாவ. நான் தவிட்டைக் குடுத்து வாங்கினேன். "இது இனி என் பிள்ளை, எனக்காக நீ வளத்துத் தா"ன்னு சொல்லி ஆத்தா கையிலயே திருப்பிக் குடுத்தேன்.

— இது உண்டுதான். எமனுக்குத் தடம் தெரியப்படாதுன்னு செய்வாவ. யாரோ ஒருத்தி கையாத்தான் பாப்பாவ, சொந்தக்காரி ஆகாதும்பாவ.

— ஆமா. வாங்கினவ அந்தாக்குல பேரு விடணும். யோசிக்கப்படாது. யோசிச்சா எமன் முந்திக் கேட்டுருவானாம். எனக்கு நாக்குல என்ன வந்ததோ அதைத் தெருவே கேக்கச் சொன்னேன். பெர்பெத்துவா!

— மெதுவா...

— பாத்தியா? பாத்தியா ஜாஹிரா? இன்னமும் "மெதுவா"ங்கா!

— பழக்கத்துல வந்துட்டும்மா. அவுக பக்கத்துலதான் குளிக்காவ, அதான்.

— அருவிச் சத்தத்துல இடி விழுந்தாலும் அவுகளுக்குக் கேக்காது தாயி. பயப்படாதீங்க.

— என்னையத் "தாயி"ங்காதீங்க. "நீங்க"ன்னு சொல்லாதீங்க. அடிச்சாக்கூடத் தாங்கிக்கிடுவேன்.

— இருக்கா, இரு. எனக்கு இப்பத்தான் ஓடுது. கலியாண வீட்டுக்குப் போயிட்டு வந்து நீ ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமக் கிடந்தியே! அந்தப் பிள்ளையா இது?

— அதே பிள்ளைதான். புதுச்சேலை உடுத்திக்கிட்டு, கூடை நிறையப் பழம் எடுத்துக்கிட்டுப் போனேன். யாரும் வான்னு தாக்கல் சொல்லல. என் மக கலியாணத்துக்குத் தாக்கல் என்ன வேண்டிக்கிடக்குன்னு நானாத்தான் போனேன். பந்தல் வாசல்ல நின்னு பாக்கேன், மணையில இவ அம்மன் மாதிரி இருக்கா. ஆசையில வாய் நிக்கல. "ஏட்டி பெர்பெத்துவா, இங்கன பாரு, அம்மை வந்திருக்கேன்"னு கத்திட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைக எல்லாம் திரும்பி யாரது யாரதுன்னு கேக்காவ. அப்ப இவ...

— நான் சொல்லுதேன். அதையாவது நான் சொல்லுதேன். "யாரோ பழக்காரி, வேற வீடுன்னு நினைச்சு வந்துட்டா போல"ன்னேன். இவுக முகத்தைப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன். பேச்சு முடியுமுன்னயே எனக்கு உடம்பு கூசிப்போச்சு. ஆனாலும் திருத்தல. தாலி ஏறுத வரைக்கும் தலையக் குனிஞ்சுக்கிட்டே இருந்தேன். எல்லாரும் நல்ல அடக்கமான பொண்ணுன்னு சொன்னாவ.

— எனக்குத் தொழுவத்துப் பக்கம் இலை போட்டாவ. சாப்பிடாம வந்தா பிள்ளைக்கு ஆகாதேன்னு உக்காந்து சாப்பிட்டேன். குழம்புல உப்பு இருந்துதா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

— அல்லாவே! இதை நீ எங்கிட்டகூட முழுசாச் சொல்லலியேக்கா.

— சொல்லுத மாதிரியா இருக்கு? எனக்குத்தான் வெக்கமா இருந்துது. கூப்பிடாத வீட்டுக்குக் கூடையத் தூக்கிட்டுப் போனவ நான்தானே. அதோட விட்டாவளா? மறுநா இவப்பா ஒரு சாக்குத் தவிட்டோட இங்கன வந்து நின்னாரு.

— அது எனக்கு நல்லா நினைவிருக்கு! பட்டு வேட்டியும் சந்தனமுமா, தவிட்டுச் சாக்கோட! கலியாண மாப்பிள்ளை மாட்டுச்சந்தைக்கு வந்துட்டாரோன்னு நினைச்சேன்.

— மாமனார் வீட்டுல கேட்டுட்டாவ. "அந்தப் பொம்பளை ஏதோ வேதக்காரப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளே, பொண்ணு ஞானஸ்நானம் வாங்கினவளா?"ன்னு. அப்பாவுக்கு வேற வழி தெரியல. "சின்னதுல தவிட்டுக்கு வித்தோம், இப்ப அதே தவிட்டைக் குடுத்துத் திருப்பி வாங்கிட்டோம், தீந்துது"ன்னு சொல்லி வாயை அடைச்சாவ. அந்தப் பழக்காரி தெருவுல அந்தப் பேரைக் கேட்டிருப்பான்னு விட்டாவ, வாங்கினவளே அவதான்னு மட்டும் யாரும் சொல்லல. நானும் சொல்லல.

— தீந்துதுல்லா? பிறகு எதுக்கு வந்தீங்க? பழமா வேணும்?

— எனக்கு ரெண்டு பிள்ளை பிறந்துது.

— சந்தோசம். நல்லா இருக்கட்டும்.

— இல்ல. ரெண்டும் இல்ல.

— என்னது? என்னட்டி சொல்லுத?

— மொதல்ல ஆம்பளப்பிள்ளை. அடுத்தது பொட்டப்பிள்ளை. ரெண்டும் முகம் பாத்துச் சிரிக்கப் படிக்குமுன்னயே போயிட்டுது.

— மாதாவே! எனக்கு ஒருத்தரும் சொல்லலியே! ஒரு சொல்லு, யார் மூலமாவது ஒரு சொல்லு!

— யாரு வந்து சொல்லுவா? நீங்கதான் யாரோ பழக்காரியாச்சே.

— வாயை மூடுட்டி மூதி. உக்காரு. இந்தச் சாக்கை மடிச்சுப் போட்டு உக்காரு. ஜாஹிரா, அவளுக்குக் குடிக்க என்னமும் குடு.

— இந்தா தாயி, சுக்குத்தண்ணி. ஊதிக் குடி. அழாத. வயித்துல இருக்கிறது பயந்துக்கிடும்.

— இது மூணாவது. நேத்து எங்க அத்தைதான் கேட்டாவ. "உன்னைய வாங்கின கை எதும்மா? அது ராசியான கை. திருப்பி வாங்கினது நம்ம தப்போ என்னமோ. அவ காலைப் பிடிச்சாவது இதையும் வாங்கச் சொல்லுவோம்"னு. அன்னைக்கு யாருக்குப் பயந்து உங்களைத் தெரியாதுன்னேனோ, அந்த மாமியாரே கேக்காவ. நாண்டுக்கிட்டுச் சாவலாம்னு வந்துது. எனக்குத் தெரியாது, விசாரிக்கணும்னு சொல்லிட்டு இங்கன வந்து கடையச் சுத்திச் சுத்தி வாரேன். காலு முன்ன போவுது, மூஞ்சி பின்ன போவுது.

— இப்ப என்னதான் கேக்க? தெளிவாக் கேளு.

— பிறந்ததும் இந்தப் பிள்ளைய நீங்க வாங்கணும். எனக்குச் செஞ்ச மாதிரியே. சுளவுல வச்சு நானே தாரேன்.

— மாட்டேன்.

— எக்கா!

— நான் வாங்க மாட்டேன் ஜாஹிரா. நீ நடுவுல வராத.

— உங்க கோவம் நியாயந்தான். எனக்கு உறைக்குது. ஆனா அது என் மேல உள்ள கோவம். இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன செஞ்சுது? நான் இந்தச் சகதியில விழுந்து கும்பிடுதேன்...

— எழுந்திரு! வயித்துப்பிள்ளைக்காரி செய்யிற வேலையா இது? பிடிட்டி ஜாஹிரா அவளை. கோவமும் இல்ல, ஒரு எளவும் இல்ல. நான் வாங்க முடியாதுன்னா முடியாது. அது கிடக்கட்டும். நான் ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லு. நான் வச்ச பேருல உனக்கு என்னட்டி அப்படி வெக்கம்? சின்னப்பிள்ளையில "பெர்பெத்து"ன்னா ஓடிவந்து கூடைக்குள்ள கைய விடுவியே!

— ஓடித்தான் வந்தேன். பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. ஹாஸ்டல்ல பட்டியல் வாசிக்கயில எல்லாரும் திரும்பிப் பாத்தாவ. நெத்தியில திருநீறு, பேரு பெர்பெத்துவா. சைவப் பிள்ளைக "நீ யாருடி?"ன்னாவ. வேதக்காரப் பிள்ளைகளாவது சேத்துக்கிடும்னு அங்கன போனா, அதுகதான் அதிகமாச் சிரிச்சுது.

— அதுக எதுக்குச் சிரிக்கும்? லத்தீன் பேருல்லா?

— "உன் பேரு சாவுப் பூசையில பாடுத பாட்டுல வருதுடி, பெட்டி எடுக்கும்போது பாடுவாவ"ன்னு ஒருத்தி சொன்னா. அன்னையில இருந்து நான் நடந்து போனா பின்னாலயே இழுத்து இழுத்துப் பாடுவாளுக. இன்னொருத்தி புனிதர் சரித்திரம் கொண்டுவந்து காட்டினா. முன்ன ஒரு காலத்துல ரோமாபுரி ராசா ஆட்சியில பெர்பெத்துவான்னு ஒரு சின்ன வயசுக்காரி. வேதத்தை விடமாட்டேன்னதுக்குச் சிறையில போட்டு, காட்டுப் பசுவை விட்டு முட்டவச்சு, கடைசியில வாளால கொன்னுட்டாவ. அப்ப அவ கையில பால் குடிக்கிற பிள்ளை. அதை விட்டுட்டுப் போனவ அவ. பத்தாங்கிளாஸ் முடியுமுன்ன அப்பாகிட்ட அழுது பேரை மாத்திக்கிட்டேன்.

— எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டியா?

— கேக்கல. ஆனா ரெண்டாவது பிள்ளையும் போன அன்னைக்கு அந்தக் கதைதான் நினைப்புல வந்துது. பிள்ளையப் பிரிஞ்சவ பேரைத் தலையில சுமந்துக்கிட்டுப் பிறந்தேன், அதான் எனக்கும் தங்க மாட்டேங்குன்னு உங்களை வைதேன். மனசுக்குள்ள நல்லா வைதேன். அடுத்த நிமிசமே, அந்தப் பேரை விட்டதாலதான் இப்படி ஆச்சோன்னு அழுதேன். எது காரணம்னு எனக்கு இன்னும் தெரியல.

— கோட்டிக்காரி. முழுக்கதையும் படிச்சியா? அந்தப் பிள்ளை என்னாச்சுன்னு படிச்சியா?

— அதுக்கு மேல படிக்க எனக்கு மனசு வரல.

— அது பிழைச்சுக்கிட்டுதுட்டி! ஆத்தா சிறையில இருந்தும் அதைக் கிட்ட வாங்கிவச்சுப் பால் குடுத்தா. பிறகு பாலை மறந்துட்டு, தாத்தன் வீட்டுல வளந்துது. செத்தவ ஆத்தா. பிள்ளை பிழைச்சுது. இதைச் சாமியார்கிட்ட நான் போயிக் கேட்டேன்.

— எப்ப கேட்டீங்க?

— உன் கலியாணத்துக்குப் பிறகுதான். போயி முட்டங்கால் போட்டேன். "சாமி, ஒரு பிள்ளைக்குப் பேரு வச்சேன், அந்தப் பேரால அவ என்னையத் தெரியாதுன்னுட்டா, அப்படி என்ன அசிங்கமான பேரையா வச்சுட்டேன்?"னு கேட்டேன். எனக்கு எழுத்து தெரியாது, லத்தீன் தெரியாது. அந்த வார்த்தை எங்கிட்ட வந்த விதத்தைச் சொல்லுதேன் கேளு. என் வீட்டுக்காரரு மங்குஸ்தான் மரத்துல இருந்து விழுந்து செத்தாரு. எனக்குப் பிள்ளையும் இல்ல, குட்டியும் இல்ல. அடக்கப் பூசையில சாமியார் "லுக்ஸ் பெர்பெத்துவா"ன்னு பாடுதாரு. அழுது அழுது காது அடைச்சுப்போயிருந்துது. அந்த ஒரு வார்த்தை மட்டும் உள்ள போச்சு, பிறகு வெளிய வரவே இல்ல. பழம் விக்கயில, சோறு பொங்கயில, உள்ளயே ஓடிக்கிட்டு இருக்கும். உன்னையச் சுளவுல நீட்டினதும் அதான் வாயில வந்துது. சாவுப் பாட்டுல இருந்து எடுத்துத்தான் உனக்கு வச்சேன். உள்ளதை மறைக்கல.

— சாமியார் என்ன சொன்னாவ?

— சிரிச்சாரு. "அது சாவைச் சொல்லுத வார்த்தை இல்ல மிக்கேலம்மா. செத்தவனுக்கு அணையாத வெளிச்சம் கிடைக்கட்டும்னு கேக்கோம். அதுல அணையாததுங்கிற சொல்லுதான் பெர்பெத்துவா. எங்கயும் அறுந்துபோகாம, ஆதியில இருந்து அந்தம் வரைக்கும் நெடுக ஓடுதது"ன்னாரு. எனக்கு வெளங்கல. "நம்ம மெயினருவி மாதிரியா சாமி?"ன்னு கேட்டேன். "மெயினருவி சித்திரையில வத்திருதே, வத்தாத அருவின்னு வச்சுக்கோ"ன்னாரு.

— வத்தாத அருவி.

— பிறந்தது பூராவும் போயிக்கிட்டு இருந்த வீட்டுக்கு, தெரியாமலே நான் அந்தப் பேரைத்தான் குடுத்திருக்கேன். நீ தங்கினயா இல்லையா? இப்ப பூசையெல்லாம் தமிழுக்கு மாத்துதாவளாம். நல்லதுதான், எனக்கும் வெளங்கும். ஆனா இனி அந்த வார்த்தைய நான் கோயில்லயும் கேக்க முடியாது. உன் ஒருத்திகிட்டதான் இருந்துது. நீயும் வேண்டாம்னுட்ட.

— அம்மை...

— என்னமோ சொன்னியே. இன்னொரு தரம் சொல்லு.

— அம்மை, என்னைய மன்னிச்சுரு. உன்னைய நான் எங்கனயோ நிப்பாட்டிட்டு வந்துட்டேன்.

— பாத்தியாக்கா, "நீ"ன்னு வந்துட்டு! ஆனா தாயி, அங்கன பாரு. ஈரச்சேலையும் குடையுமா ஒரு அம்மா யாரையோ தேடிக்கிட்டு வாராவ. உன் மாமியாரா?

— ஆமா. அவுகதான். பின்னால எங்க வீட்டுக்காரவுகளும் வாராவ.

— எழுந்திரு, போ. முந்தானைய இழுத்து விடு. பழம் வாங்க வந்தேன்னு சொல்லு. ஜாஹிரா, நாலு பழத்தைப் பொட்டலம் கட்டிக் குடு. நீ போ, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

— அத்தை! அத்தை, இங்கன வாங்க! பழக்கடைக்கு வாங்க!

— ஏட்டி, மெதுவா! ஊரே திரும்பிப் பாக்கு!

— பாக்கட்டும். அத்தை, நீங்க கேட்டீங்கள்லா, என்னைய வாங்கின கை எதுன்னு? இதுதான்! கலியாணத்துல பந்தல் வாசல்ல நின்னு கூப்பிட்டாவளே, அவுகதான்! வேற வீடுன்னு வரல, அவுக பிள்ளை வீட்டுக்குத்தான் வந்தாவ. நான் பொய் சொன்னேன். இவுக எனக்கு அம்மை. எனக்கு இவுக வச்ச பேரு பெர்பெத்துவா!

— யா அல்லா, என்ன சத்தம்! குடை நடு ரோட்டுலயே நின்னுட்டுக்கா. ஆனா கோவம் மாதிரி தெரியல. கையெடுத்துக் கும்பிடுதாவ போலுக்கு.

— கும்பிடட்டும், கும்பிடட்டும். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.

— சாரலா அம்மை?

— சாரல்தான். பேசாம இரு மூதி.

— இப்ப சொல்லு அம்மை. இப்பவாவது என் பிள்ளைய வாங்குவியா?

— மாட்டேன்னு எத்தனை தடவைட்டி சொல்ல? ஜாஹிரா வாங்குவா. என்ன ஜாஹிரா?

— நானா? எனக்கென்ன, பிள்ளை பிழைச்சாச் சரி, அள்ளிக்கிட்டு வருவேன். ஆனா நான் வாங்கினா எங்க பேருதான் வரும். அந்த வீட்டுல ஆசியான்னு கூப்பிடுவாவளா?

— எந்தப் பேருன்னாலும் தெருவுக்கே கேக்கக் கூப்பிடுவேன் ஜாஹிரா லாத்தா. இனி எந்தப் பேருக்கும் நான் வெக்கப்பட மாட்டேன். ஆனா அம்மை, நான் கேட்டது உன் கையத்தானே? இவ்வளவுக்குப் பிறகும் உனக்கு மனசு இறங்கலியா?

— உங்கப்பா அன்னைக்குத் தவிட்டுச் சாக்கை இங்கன இறக்கிவச்சாரே, அதை நான் என்ன செஞ்சேன்னு இவகிட்ட கேளு.

— அவ எங்க தொட்டா? விரலால கூடத் தொடல. "வாங்கினாத்தானே வித்ததாக் கணக்கு, நான் வாங்கல, நீ இழுத்துட்டுப் போயிச் சித்தாத்துல கொட்டு"ன்னு என்னைய விரட்டினா. நான்தான் கொட்டினேன். அன்னைக்கு மீனுக்கெல்லாம் கொண்டாட்டம்.

— அப்ப அப்பா என்னையத் திருப்பி வாங்கவே இல்லையா? நான் இன்னமும்...

— பின்ன என்னட்டி, இவ்வளவு நேரமும் நாய் மாதிரிக் கத்துதேன், வாங்க முடியாது, வாங்க முடியாதுன்னு! சொந்த மக வயித்துப் பேரப்பிள்ளைய எந்த ஆச்சியாவது தவிடு குடுத்து வாங்குவாளா?